கவுன்சில் எஸ்டேட்டில் பார்க்கிங் விதி மாறுகிறதா? பெர்மிட் எடுப்பது முதல் டிக்கெட்டை எதிர்ப்பது வரை

இங்கிலாந்தில், குறிப்பாக லண்டனில், கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) குடியிருப்புகளின் பார்க்கிங் முறை சில ஆண்டுகளாக ஒவ்வொரு எஸ்டேட்டாக மாறிக்கொண்டு வருகிறது. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், லூவிஷம் என்று தமிழ்க் குடும்பங்கள் வாழும் பல பகுதிகளில் கவுன்சில் அடுக்கு வீடுகள் நிறைய உண்டு. கடிதம் வரும்போது அதில் இருப்பது என்ன, எந்தத் தேதிக்குள் எதைச் செய்ய வேண்டும் என்பது புரியாமல் போனால், ஒரு சாதாரண பார்க்கிங் அபராத டிக்கெட் சில மாதங்களில் பெய்லிஃப் (கடன் வசூலிக்க வரும் அதிகாரி) கதவைத் தட்டும் கடனாகிவிடும். இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்துச் சட்டம். ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு.

ஏன் இந்த மாற்றம்?

முன்பு பெரும்பாலான எஸ்டேட்டுகளில் பார்க்கிங் ஒப்பந்தச் சட்டப்படி நடந்தது. கவுன்சில் ஒரு தனியார் நிறுவனத்தை அமர்த்தும். வாசலில் ஒரு பலகை இருக்கும். பெர்மிட் இல்லாத காருக்கு சக்கரப் பூட்டு போடுவார்கள். 2012 அக்டோபர் 1 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் சக்கரப் பூட்டுப் போடுவதையும் காரை இழுத்துச் செல்வதையும் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்தது. அதற்குப் பதிலாக, டிக்கெட் கட்டாத காரைத் தன் பெயரில் பதிவு செய்திருப்பவரிடம் பணம் கேட்கும் உரிமையை அதே சட்டம் தனியார் நிலச் சொந்தக்காரர்களுக்குத் தந்தது. ஆனால் போக்குவரத்து அதிகாரம் உள்ள கவுன்சிலின் பார்க்கிங் இடங்களுக்கு அந்த உரிமை கிடையாது. கவுன்சில்கள் ஒப்பந்த முறையில் கொடுக்கும் டிக்கெட்டுக்கு வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ, பதிவு செய்தவரின் விவரத்தைத் தருவதும் நின்றது. கார் யாருடையது என்றே தெரியாவிட்டால் கட்டாத டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

அதனால்தான் கவுன்சில்கள் 1984-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் எஸ்டேட்டுக்கென்று போக்குவரத்து ஆணை பிறப்பிக்கத் தொடங்கின. ஆணை வந்துவிட்டால் எஸ்டேட்டில் கிடைக்கும் டிக்கெட்டும் தெருவில் கிடைக்கும் டிக்கெட்டும் ஒரே வகை: கவுன்சிலின் பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். ‘எஸ்டேட் டிக்கெட்டைக் கண்டுகொள்ளாதே, ஒன்றும் செய்ய மாட்டார்கள்’ என்று பழைய காலத்தில் சொன்ன ஆலோசனை இப்போது ஆபத்தானது.

முதல் வேலை: நிலம் யாருடையது?

மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். ஒரே எஸ்டேட்டுக்குள் மூன்று வகை நிலம் அடுத்தடுத்து இருக்கலாம். பிரதான சாலை பொதுச் சாலையாக இருக்கும். அங்கே தெரு பெர்மிட் வேண்டும். கட்டடத்தின் பின்புறம் உள்ள பார்க்கிங் கவுன்சிலின் வீட்டுவசதித் துறை நிலமாக இருக்கும். அங்கே எஸ்டேட் பெர்மிட். பக்கத்துப் புதிய கட்டடம் ஹவுசிங் அசோசியேஷனுடையதாக (லாப நோக்கமில்லாத வீட்டு நிறுவனம்) இருக்கலாம். அங்கே தனியார் நிறுவனம். ஒன்றின் பெர்மிட் மற்றொன்றில் செல்லாது. எஸ்டேட் பெர்மிட் கையில் இருக்கிறது என்று நம்பிப் பத்தடி தள்ளித் தெருவில் நிறுத்தி டிக்கெட் வாங்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

பலகையைப் படித்தால் பாதி தெரிந்துவிடும். கவுன்சிலின் பெயரோ சின்னமோ இருந்து, பெனால்டி சார்ஜ் என்ற சொல் இருந்தால் அது ஆணையின்கீழ் உள்ள இடம். தனியார் நிறுவனத்தின் பெயரும், ‘இங்கே நிறுத்தினால் இந்த நிபந்தனைகளை ஏற்கிறீர்கள்’ என்ற வாசகமும், பார்க்கிங் சார்ஜ் என்ற சொல்லும் இருந்தால் அது ஒப்பந்த முறை. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் சுருக்கம் ஒன்றே, பிசிஎன். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. முழுப் பெயரைப் படியுங்கள்.

சாலை பொதுச் சாலையா என்பதில் சந்தேகம் இருந்தால், 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி கவுன்சில் தன் செலவில் பராமரிக்கும் தெருக்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும். அதை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பல கவுன்சில்கள் அதை வரைபடமாகவே இணையத்தில் போட்டிருக்கின்றன. உங்கள் கட்டடத்தைச் சுற்றியுள்ள பகுதியை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டிக்கெட்டில் இடத்தின் பெயர் தவறாக இருந்தால் அது உதவும்.

கடிதம் வந்த பிறகு: கருத்துச் சொல்லும் காலம்

ஆணை பிறப்பிக்கும் முன் கவுன்சில் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட வேண்டும். விளக்குக் கம்பத்தில் காகிதம் கட்டுவதும் வீடுகளுக்குக் கடிதம் போடுவதும் வழக்கம். அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் உண்டு. ஆட்சேபம் எழுத்தில் இருக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். ‘எங்களுக்கு இது பிடிக்கவில்லை’ என்ற ஐம்பது கையெழுத்தைவிட, காரணம் எழுதிய ஐந்து கடிதங்களுக்குக் கனம் அதிகம்.

எதைப் பற்றி எழுதலாம்? முதலில் எண்ணிக்கை. கட்டடத்தில் எத்தனை வீடு, வரைபடத்தில் எத்தனை இடம், இப்போது இரவு பத்து மணிக்கு எத்தனை கார் நிற்கிறது. மூன்று இரவு நேரில் எண்ணி எழுதினால் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும். அடுத்து, உடல் ஊனமுள்ளோருக்கான இடம் லிஃப்ட் உள்ள வாசலுக்கு எவ்வளவு தூரம் என்பது. பராமரிப்பாளர்கள் தினமும் வரும் வீடுகள், இரவு வேலை முடிந்து அதிகாலையில் திரும்புகிறவர்கள், ஆம்புலன்ஸ் திரும்பும் இடம், குப்பை வண்டியின் வழி ஆகியவற்றையும் எழுதுங்கள். முதியவர்கள், ஊனமுள்ளோர் ஆகியோர் மேல் இந்த மாற்றம் என்ன விளைவை உண்டாக்கும் என்று யோசிப்பது 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் 149-ஆம் பிரிவின்படி கவுன்சிலின் கடமை. அந்த மதிப்பீட்டின் நகலைக் கேளுங்கள்.

பாதுகாக்கப்பட்ட வாடகைதாரர்களிடம் வீட்டு நிர்வாக மாற்றங்கள் பற்றிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வாடகையும் கவுன்சில் தரும் வசதிகளுக்கான கட்டணமும் அந்தப் பிரிவுக்குள் வராது. ஆகவே பெர்மிட் விலை பற்றிய ஆட்சேபத்தை அங்கே எழுதுவதைவிட, போக்குவரத்து ஆணைக்கான 21 நாள் ஆட்சேபத்தில் எழுதுவதே பயன் தரும். விலையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்ளலாம். பார்னெட் கவுன்சில் குடியிருப்போர் பெர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100-க்கும், விருந்தினர் சீட்டை 1 பவுண்டிலிருந்து 4-க்கும் உயர்த்தியது. மற்றப் போக்குவரத்துச் செலவுகளுக்காக வருவாய் திரட்ட 1984-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்று 2013-இல் உயர் நீதிமன்றம் அந்த உயர்வைச் செல்லாததாக்கியது. அது தெரு பெர்மிட் பற்றிய வழக்கு. என்றாலும் கட்டணம் எதற்காக, எந்தச் செலவைக் கணக்கிட்டு என்று கேட்பதற்கு அது நல்ல அடித்தளம்.

ஆணை பிறப்பிக்கப்பட்ட பிறகு அதை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்க ஆறு வாரம்தான் உண்டு. அதற்கு வழக்கறிஞர் வேண்டும், செலவும் அதிகம். எனவே 21 நாளைத் தவற விடாதீர்கள். ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். சில இடங்களில் ‘பரிசோதனை ஆணை’ போடுவார்கள். அது முதலில் நடைமுறைக்கு வந்துவிடும். ஆட்சேபத்தை முதல் ஆறு மாதத்துக்குள் தெரிவிக்கலாம். அதிகபட்சம் 18 மாதம் நீடிக்கும். அறிவிப்பில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

லீஸ்ஹோல்டர்கள், அதாவது வீட்டை வாங்கியவர்கள், தங்கள் குத்தகைப் பத்திரத்தை எடுத்து பார்க்கிங் பற்றிய வரியைத் தேடுங்கள். வரைபடத்தில் நிறம் தீட்டிக் குறிப்பிட்ட இடம் ஒன்று தரப்பட்டிருந்தால், ஆட்சேபக் கடிதத்தோடு அந்தப் பக்கத்தின் நகலை இணைத்து, அந்த இடத்தை ஆணையிலிருந்து விலக்கக் கேளுங்கள். ஆணை வந்து, டிக்கெட்டும் வந்த பிறகு இதைப் பேசுவது பல மடங்கு கடினம். வாடகைதாரர்களுக்குப் பொதுவாக வாடகை ஒப்பந்தத்தில் பார்க்கிங் உரிமை எதுவும் இராது. வாடகைக்கு எடுத்த கராஜ் இருந்தால் அது தனி ஒப்பந்தம். கராஜ் வைத்திருப்பதால் அதன் முன்னால் நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை.

பெர்மிட் எடுப்பது

புதிய முறை தொடங்கும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். பழைய காகித பெர்மிட் தானாகப் புதியதாக மாறும் என்று எண்ண வேண்டாம். பல இடங்களில் எல்லோரும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். இப்போது தரப்படுவது பெரும்பாலும் மின்னணு பெர்மிட். கண்ணாடியில் ஒட்ட ஒன்றும் இல்லை. அதிகாரி காரின் எண்ணைத் தன் கருவியில் தட்டிப் பார்ப்பார்.

கையில் வேண்டியவை: வி5சி எனப்படும் பதிவுப் பத்திரம், முகவரிச் சான்று, வாடகை ஒப்பந்தம் அல்லது லீஸ் விவரம். சில கவுன்சில்கள் காப்பீட்டுச் சான்றையும் கேட்கும். வி5சி-யில் உள்ள பெயரும் முகவரியும் விண்ணப்பிப்பவருடையதோடு ஒத்துப்போக வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் விண்ணப்பம் திரும்பி வர அதிகம் காரணமாவது இதுதான். கார் வேறு ஊரில் இருக்கும் அண்ணன் பெயரில் இருக்கும், ஓட்டுவது தம்பி. அல்லது பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முன்னால், வி5சி-யில் பின்னால், வாடகை ஒப்பந்தத்தில் முதலெழுத்து மட்டும். விண்ணப்பிக்கும் முன் வி5சி-யைத் திருத்திக்கொள்ளுங்கள். பெயர், முகவரி மாற்றத்துக்கு டிவிஎல்ஏ கட்டணம் வாங்குவதில்லை. கட்டணம் கேட்கும் இணையதளம் இடைத்தரகருடையது. நிறுவனத்தின் கார் என்றால், அந்தக் காரை இந்த முகவரியில் நீங்கள் வைத்திருக்கிறீர்கள் என்று நிறுவனம் தலைப்புத் தாளில் தரும் கடிதம் போதும்.

கட்டணம் பல கவுன்சில்களில் புகை அளவைப் பொறுத்தது. வி5சி-யில் வி.7 என்ற கட்டத்தில் கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்ஸைடு என்ற எண் இருக்கும், பி.3-இல் எரிபொருள், பழைய கார் என்றால் பி.1-இல் எஞ்சின் அளவு. கவுன்சிலின் கட்டண அட்டவணையில் உங்கள் கார் எந்தப் படியில் விழுகிறது என்பதை நீங்களே பார்த்துவிடலாம். டீசலுக்குக் கூடுதல் கட்டணம் உண்டா என்றும் பாருங்கள். வாடகை பாக்கி இருந்தால் பெர்மிட் தராத கவுன்சில்களும் உண்டு. பாக்கியைத் தவணையில் கட்டுவதாக எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதைக் காட்டி மறுபரிசீலனை கேளுங்கள்.

காரின் எண்ணைத் தட்டுவதில் ஒரு தவறு மீண்டும் மீண்டும் நடக்கிறது. 2001 செப்டம்பருக்குப் பிந்தைய எண்கள் இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், மூன்று எழுத்து என்ற வரிசையில் வரும். ஆகவே மூன்றாம், நான்காம் இடத்தில் வட்டம் இருந்தால் அது பூஜ்யம். வேறு எங்கு இருந்தாலும் அது ஆங்கில எழுத்து ‘ஓ’. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், கருவிக்கு வேறு. பணம் போய்விடும், பெர்மிட்டும் வந்துவிடும், ஆனால் உங்கள் காருக்கு அல்ல. உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை வி5சி-யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

மின்னணு பெர்மிட்டின் இன்னொரு குறை, அது முடிவதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பது. நினைவூட்டல் மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் போய்விடும். முடியும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு கைப்பேசி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கார் பழுதாகி கராஜ்காரர் தற்காலிகக் கார் கொடுத்தாலும், விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் கார் தந்தாலும், எஸ்டேட்டுக்குள் கொண்டுவரும் முன்பே கணக்கில் எண்ணை மாற்ற வேண்டும். உறுதி வந்த நேரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்தினர், பராமரிப்பாளர், நீல அட்டை

விருந்தினர் சீட்டுக்கு ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்ற வரம்பு இருக்கலாம். வீட்டில் திருமணமோ துக்கமோ நடந்தால் ஒரே நாளில் பத்துக் கார் வரும். அப்படிப்பட்ட நாட்களுக்கு முன்கூட்டி எழுதிக் கேட்டால் விலக்குத் தரும் கவுன்சில்கள் உண்டு. கேட்காமல் விட்டால் நிச்சயம் இல்லை. வயதான பெற்றோர் தனியாக இருந்தால், கைப்பேசியில் சீட்டை இயக்கும் உரிமையை அவர்கள் கணக்கில் பிள்ளை ஒருவருக்கும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். விருந்தினர் வந்து இறங்கியதும் முதல் வேலை சீட்டை இயக்குவது. தேநீர் குடித்த பிறகு என்று தள்ளினால் டிக்கெட் முந்திக்கொள்ளும்.

ஊனமுள்ளோருக்கான நீல அட்டை வைத்திருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய விஷயம் இது. மஞ்சள் கோட்டில் மூன்று மணி நேரம் வரை நிறுத்தலாம் போன்ற சலுகைகள் தெருவுக்கு உரியவை. எஸ்டேட் பார்க்கிங் தெரு அல்ல. அங்கே அட்டைக்கு என்ன மதிப்பு என்பதை அந்த எஸ்டேட்டின் ஆணை மட்டுமே முடிவு செய்கிறது. சில எஸ்டேட்டுகளில் ஊனமுள்ளோர் இடத்தில் நிறுத்த அட்டையும் பெர்மிட்டும் இரண்டும் வேண்டும். பலகையில் தெளிவில்லை என்றால் பார்க்கிங் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் யாரோ ‘பரவாயில்லை, நிறுத்துங்கள்’ என்று சொன்னது பின்னால் சாட்சியாகாது.

டிக்கெட் வந்தால்

நோட்டீஸில் இரண்டு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். தெருவுக்கு வெளியே உள்ள பார்க்கிங் குறியீடுகள் 70-இல் தொடங்குகின்றன. எஸ்டேட்டில் அடிக்கடி வருபவை: 81, தடை செய்யப்பட்ட பகுதியில் நிறுத்தியது, 85, செல்லத்தக்க பெர்மிட் இல்லாதது, 86, இடத்தின் கோட்டுக்குள் சரியாக நிறுத்தாதது, 87, ஊனமுள்ளோர் இடத்தில் அட்டை காட்டாமல் நிறுத்தியது, 92, வழியை மறித்தது. இவற்றில் 86 மட்டும் குறைந்த அபராதம், மற்றவை உயர்ந்தவை. லண்டனின் ஏ பகுதிகளில் (இரண்டு அபராத வகைகளில் அதிக அபராதம் உள்ளவை) 2025 ஏப்ரல் முதல் உயர்ந்த அபராதம் 160 பவுண்ட், 14 நாளில் கட்டினால் 80. லண்டனுக்கு வெளியே பல ஊர்களில் உயர்ந்தது 70, குறைந்தது 50. 14 நாள் என்பது நோட்டீஸ் தேதியையும் சேர்த்து. 3-ஆம் தேதி கிடைத்தால் 16-ஆம் தேதியே கடைசி நாள்.

கட்டலாமா, எதிர்க்கலாமா என்பதை முடிவு செய்யும் முன் காரை நகர்த்தாமல் படம் எடுங்கள். நான்கு பக்கமும், சக்கரமும் கோடும் சேர்ந்து ஒரு படம், காரிலிருந்து அடுத்த பலகை வரை நடந்து போகும் வழியில் ஒரு காணொளி, பலகையின் நெருக்கமான படம். பலகை மரக்கிளையால் மறைந்திருக்கிறதா, திரும்பியிருக்கிறதா, இரவில் வெளிச்சம் உண்டா, கோடு அழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆணையின் விளைவு ஓட்டுநர்களுக்குத் தெரியும்படி போதிய பலகைகள் வைப்பது கவுன்சிலின் கடமை. புதிதாகத் தொடங்கிய எஸ்டேட்டுகளில் இது பலமான வாதம். பிறகு நோட்டீஸ் எண்ணைக் கொண்டு கவுன்சில் இணையதளத்தில் அதிகாரி எடுத்த படங்களைப் பாருங்கள். அவர் படங்களில் பலகையே இல்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. கட்டிவிட்டு எதிர்க்க முடியாது. எதிர்ப்பதென்றால் முதல் 14 நாளுக்குள் எழுதுங்கள். அந்தக் காலத்துக்குள் வந்த எதிர்ப்பை நிராகரித்தாலும், பாதிக் கட்டணத்தை மீண்டும் 14 நாளுக்குத் தருவதே கவுன்சில்களின் வழக்கம். அதனால் முதல் கடிதம் எழுதுவதில் நீங்கள் இழப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. கடிதம் சிறியதாக இருக்கட்டும்: என்ன நடந்தது, அதற்கு என்ன ஆதாரம், என்ன கேட்கிறீர்கள். பெர்மிட் இருந்தது என்றால் அதன் எண்ணும் தேதியும். எண்ணில் ஒரு எழுத்து மாறிவிட்டது என்றால் பணம் கட்டிய ரசீதும் வி5சி-யும். அதிகாரியைத் திட்டும் வரி ஒன்றுகூட வேண்டாம்.

பத்து நிமிடச் சலுகை பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அது நிறுத்த அனுமதி பெற்ற நேரம் முடிந்த பிறகு கிடைக்கும் பத்து நிமிடம். உதாரணமாக விருந்தினர் சீட்டு மூன்று மணிக்கு முடிந்தால் மூன்று பத்து வரை. அனுமதியே இல்லாமல் நிறுத்திய காருக்கு அது பொருந்தாது. சாமான் இறக்க விலக்கு உண்டா என்பதும் ஆணையைப் பொறுத்தது. ஆணையின் நகலைக் கவுன்சிலிடம் கேட்டு வாங்கி, பொருளின் ரசீதையும் நேரத்தையும் இணைத்து எழுதுங்கள்.

முதல் எதிர்ப்பு தோற்று, பணமும் கட்டவில்லை என்றால், 28 நாளுக்குப் பிறகு உரிமையாளர் நோட்டீஸ் தபாலில் வரும். இதிலிருந்துதான் சட்டப்படியான வழக்கு தொடங்குகிறது. முதல் கடிதத்தில் எழுதிவிட்டோமே என்று சும்மா இருந்துவிடுகிறார்கள்; கூடாது. மீண்டும் 28 நாளுக்குள் முறைப்படி எழுத வேண்டும். கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் உங்கள் வாதத்தை ஏற்றதாக ஆகிவிடும், நோட்டீஸ் ரத்து. நிராகரித்தால் 28 நாளுக்குள் சுதந்திரமான நடுவரிடம் மேல்முறையீடு செய்யலாம். லண்டனில் லண்டன் டிரைபியூனல்ஸ், வெளியே டிராஃபிக் பெனால்டி டிரைபியூனல். கட்டணம் இல்லை. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் மகனோ மகளோ நண்பரோ உங்களுக்காகப் பேசலாம். எஸ்டேட் வழக்கில் நடுவர் பார்ப்பவை: அந்த இடம் ஆணைக்குள் வருகிறதா, பலகை போதுமா, நோட்டீஸில் சொன்ன மீறல் உண்மையில் நடந்ததா. நீங்கள் எடுத்த படங்களும் பொதுச் சாலை வரைபடமும் இங்கேதான் வேலை செய்யும். ‘பணக் கஷ்டம்’, ‘அவசரம்’ போன்ற காரணங்களுக்காக நடுவர் ரத்து செய்ய முடியாது. அதிகபட்சம் மறுபரிசீலனை செய்யக் கவுன்சிலுக்குப் பரிந்துரைக்கலாம். அத்தகைய காரணங்களைக் கவுன்சிலிடம் எழுதும்போதே முழுமையாகச் சொல்லிவிட வேண்டும்.

பொறுப்பு உரிமையாளருக்கே. மகன் கொண்டுபோய் நிறுத்தினாலும், வி5சி அப்பா பெயரில் இருந்தால் நோட்டீஸ் அப்பாவுக்கு வரும், கடனும் அவர் பெயரில்தான்.

கடிதமே வராமல் பெய்லிஃப் வந்தால்

வீடு மாறும்போது ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றிவிட்டு வி5சி-யை மறந்துவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனி. உரிமையாளர் நோட்டீஸ், அபராதத்தை ஒன்றரை மடங்காக்கும் சார்ஜ் சர்டிஃபிகேட், கடன் பதிவு ஆணை மூன்றும் பழைய வீட்டுக்குப் போகும். 160 பவுண்ட் 240 ஆகி, அதன்மேல் நீதிமன்றக் கட்டணமும் பெய்லிஃப் கட்டணமும் ஏறியபின்தான் விஷயம் தெரியவரும்.

அப்போதும் வழி இருக்கிறது. கடன் பதிவாவது நார்தாம்ப்டனில் உள்ள டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில். அங்கே டிஇ9 என்ற சாட்சி அறிக்கையை அனுப்பலாம். ஏற்கப்படும் காரணங்கள் நான்கே: உரிமையாளர் நோட்டீஸ் கிடைக்கவில்லை, முறைப்படி எழுதியும் நிராகரிப்புக் கடிதம் வரவில்லை, மேல்முறையீடு செய்தும் பதில் வரவில்லை, முழுப் பணமும் கட்டியாயிற்று. ஆணை வந்த 21 நாளுக்குள் என்றால் டிஇ9 மட்டும் போதும். தாமதமானால் டிஇ7-உம் சேர்த்து, ஏன் தாமதம் என்று எழுத வேண்டும். வீடு மாறிய தேதிக்கான வாடகை ஒப்பந்தமோ கவுன்சில் வரி ரசீதோ இணைக்கலாம். கட்டணம் இல்லை. ஏற்கப்பட்டால் வழக்கு முந்தைய கட்டத்துக்குத் திரும்பும், அபராதமே மறைந்துவிடாது. உண்மையல்லாததை எழுதினால் நீதிமன்ற அவமதிப்பாகும், ஆகவே உங்களுக்குப் பொருந்தும் காரணத்தை மட்டும் குறியிடுங்கள். டிஇ7 அனுப்பியதும் பெய்லிஃப் நிறுவனத்துக்கும் கவுன்சிலுக்கும் அதன் நகலை மின்னஞ்சலில் அனுப்பி, முடிவு வரும்வரை நடவடிக்கையை நிறுத்தக் கேளுங்கள்.

குறுஞ்செய்தியில் ‘பார்க்கிங் அபராதம், இந்த இணைப்பில் கட்டுங்கள்’ என்று வந்தால் அது மோசடி. கவுன்சிலின் நோட்டீஸ் காரில் வைக்கப்படும், கையில் தரப்படும், அல்லது தபாலில் வரும். எஸ்டேட் பார்க்கிங்குக்கு கேமராப் பதிவை மட்டும் வைத்துக் கவுன்சில் தபாலில் நோட்டீஸ் அனுப்புவதற்கும் சட்டத்தில் இடமில்லை. தனியார் நிலத்தில் கேமரா டிக்கெட் சாதாரணம்.

அந்தத் தனியார் டிக்கெட்டின் பாதை முற்றிலும் வேறு. முதலில் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். நிராகரித்தால் அந்த நிறுவனம் எந்தச் சங்கத்தில் உள்ளது என்பதைப் பொறுத்து, தனியார் டிக்கெட்டுகளுக்கான மேல்முறையீட்டு அமைப்புகளான பாப்லாவுக்கோ ஐஏஎஸ்-க்கோ மேல்முறையீடு. நடுவர் மன்றமும் டிஇ9-உம் அங்கே கிடையாது. பணம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது நிறுவனம்தான். கண்ணாடியில் டிக்கெட் வைக்காமல் தபாலில் மட்டும் அனுப்பினால், நிறுத்திய நாளுக்குப் பிந்தைய 14 நாளுக்குள் அது காரைப் பதிவு செய்தவர் கைக்கு வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டியவரைத் தவிர, காரைப் பதிவு செய்தவரிடம் பணம் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. அதனால் முதல் கடிதத்தில் ‘நான் நிறுத்தியபோது’ என்று எழுதாமல் ‘கார் நிறுத்தப்பட்டபோது’ என்று எழுதுங்கள். நீதிமன்றப் படிவம் வந்தால் மட்டும் எக்காரணத்தாலும் ஒதுக்கி வைக்காதீர்கள். பதில் தராமல் விட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும், அது கடன் வரலாற்றில் ஆறு ஆண்டு நிற்கும்.

காரை விற்கும் நாளிலும் எஸ்டேட்டை விட்டுப் போகும் நாளிலும் பெர்மிட்டை ரத்து செய்யுங்கள். மீதி மாதங்களுக்குப் பணம் திருப்பித் தரும் கவுன்சில்களில் அதற்கு நீங்கள்தான் கேட்க வேண்டும். அன்றே டிவிஎல்ஏ-விடம் விற்பனையைப் பதிந்து, உறுதி மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். புதியவர் அடுத்த வாரம் அதே எஸ்டேட்டில் வாங்கும் டிக்கெட் உங்கள் முகவரிக்கு வந்தால், ‘அந்தத் தேதிக்கு முன்பே உரிமை மாறிவிட்டது’ என்று எழுதி அந்த மின்னஞ்சலை இணைத்தால் போதும்.